விடயம்: அந்தரம்

அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் கிடைத்தால், அது கிடைத்தது என்பதை எழுதியவருக்கு அறிவிக்க வேண்டும். முடிவான பதிலை உடனே கொடுக்க முடியாவிட்டால் இடைக்காலப் பதில் ஒன்றாவது அனுப்ப வேண்டும். அந்த இடைக்காலப் பதிலில், முடிவு ஏன் தாமதமாகிறது என்பதையும் எப்போது வரும் என்பதையும் சொல்ல வேண்டும். இது விதி. முப்பத்தாறு வருடம் அரச அலுவலகங்களில் இருந்து இந்த விதியைப் பிறருக்குப் படிப்பித்தவள் நான். சில வேளைகளில் கடைப்பிடித்தும் இருக்கிறேன்.

ஓய்வு பெற்று, யாழ்ப்பாணத்தை அடுத்த தீவில் உள்ள நாரந்தனையில் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும், அலுவலகம் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை, ஓய்வூதியத்தில் விடுபட்ட மாதம், காணி உறுதிப் பத்திரத்தில் காணாமற்போன எல்லை என்று ஆட்கள் கடதாசியோடு வருவார்கள். நான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அதற்குக் கூலியாக, அவர்கள் முன்பு தாங்களாகவே எழுதிய கடிதத்தில் என்னென்ன பிழை என்பதை ஆறுதலாக விளங்கப்படுத்துவேன். என்னிடம் இரண்டாம் தடவை வருகிறவர்கள் குறைவு. காரணம் அதுதான் என்று என் தங்கை சொல்கிறாள்.

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரே சைக்கிளில் வந்தார்கள். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற வயது. சைக்கிளை மிதித்து வந்தவள் ஊர்காவற்றுறையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனுக்குக் கடற்றொழில். பின்னால் இருந்து வந்தவளுடைய வீட்டார் வேலணையில் தோட்டம் செய்பவர்கள். கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்பிய கைத்தொலைபேசியை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதலாமவள் பாட்டு எழுதிப் பாடுகிறவள், மற்றவள் படம் எடுக்கிறவள். பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லாதபடியால் இங்கே அவர்கள் பாட்டுக்காரி, படக்காரி.

“அன்ரி, ஒரு கடிதம் எழுதித் தர ஏலுமோ?” என்று பாட்டுக்காரி கேட்டாள்.

“ஆருக்கு?”

“அது தெரியாது. மேலிடத்து அனுமதி வேணுமாம் எண்டு பள்ளிக்கூட அதிபர் சொன்னவர். மேலிடம் எது எண்டு சொல்லேல்லை.”

“அவருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றாள் படக்காரி.

விசயம் இதுதான். வகுப்பில் ஏழு பேர் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்திருக்கிறார்கள். அதை வகுப்பறையில் சீருடையோடு படமாக்கி, வருட முடிவில் வரும் பெற்றோர் தினத்தில் திரையில் காட்ட விருப்பம். பாடசாலைக்குள் கைத்தொலைபேசி கொண்டு வரக்கூடாது, பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது, எடுத்ததைக் காட்டக்கூடாது. இந்த மூன்று கூடாதுகளையும் தாண்ட ஓர் அனுமதிக் கடிதம் தேவை.

“பாட்டு எதைப் பற்றினது?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்தரத்தைப் பற்றினது, அன்ரி.”

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. அந்தரம் என்பது எங்கள் பேச்சில் அவசரம், தவிப்பு, செய்வதறியாமல் நிற்பது, கால் நிலத்தில் படாத மாதிரி ஓர் உணர்வு, எல்லாம் சேர்ந்த ஒன்று. பஸ் ஹோர்ன் அடிக்கும்போது ஒரு செருப்பைக் காணவில்லை என்றாலும் அந்தரம்தான். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறை வாசலில் நிற்பதும் அந்தரம்தான். அளவு தெரியாத சொல்.

பாட்டுக்காரி கொப்பியைப் பார்க்காமல் நான்கு வரி சொன்னாள். பாடவில்லை, சொன்னாள்.

*நாலரை பஸ்ஸுக்கு நானும் புத்தகமும்,*
*கரையில ஒரு கால், கடலில ஒரு கால்,*
*அந்தரமாக் கிடக்கு அப்பா,*
*கேட்டாச் சொல்லுவன், கேளுங்கோ.*

“நல்லாத்தான் கிடக்கு,” என்றேன். “ஆனா அந்தரம் எண்டு கடிதத்தில போடேலாது.”

“ஏன் அன்ரி?”

“அது கோவையில போற சொல் இல்லை.”

நான் சொன்ன காரணம் பொய் இல்லை, ஆனால் முழுவதும் அதுவல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யுத்தத்தால் நாங்கள் இந்தத் தீவை விட்டு வெளிக்கிட்டபோது, ஒரு பையில் சான்றிதழ்களையும் ஒரு பையில் அலுவலக முத்திரையையும் கட்டிக்கொண்டு நான் ஓடியதற்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் பெயர் ‘அந்தரத்தில வெளிக்கிட்டது’. (முத்திரையை ஏன் கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள். கையளிப்புப் படிவம் நிரப்ப நேரம் இருக்கவில்லை.) அந்தச் சொல்லை, ரியூசன் வகுப்புக்கு விடிய எழும்ப வேண்டியிருக்கிறது என்பதற்காக ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எடுத்துப் பாட்டில் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே கோவையின், அதாவது அலுவலகக் கோப்பின், மேல் பழியைப் போட்டேன். கோவைகள் மறுத்துப் பேசுவதில்லை.

கடிதத்தை எழுதினேன். அழகான கடிதம். யார் யார் கையால் போக வேண்டும் என்று காட்டும் மூன்று ‘ஊடாக’. விடயம்: ‘பாடசாலை மாணவர்களின் மன அழுத்தம் தொடர்பான இசைக் காணொளி ஒன்றைத் தயாரிப்பதற்கும் காட்சிப்படுத்துவதற்கும் அனுமதி கோரல்’. கீழே வகுப்பாசிரியைக்கு ஓர் இடம், அதிபருக்கு ஓர் இடம், இணைப்புகளின் பட்டியல். பாட்டுக்காரி இரண்டு தரம் வாசித்தாள்.

“இது எங்கட பாட்டைப் பற்றியோ, அன்ரி?”

“ஓம்.”

“வாசிக்க ஆருக்கோ பெரிய வருத்தம் மாதிரிக் கிடக்கு.”

வருத்தம் என்றால் எங்கள் பக்கத்தில் நோய். அன்றைக்கு நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். “மேலிடத்துக்கு இப்பிடி எழுதினாத்தான் விளங்கும்,” என்று சொல்லிக் கடிதத்தை உறையில் வைத்துக் கொடுத்தேன்.

பாட்டுக்காரி சைக்கிளைத் திருப்பப் போன நேரம் படக்காரி கொஞ்சம் பின்தங்கினாள்.

“அன்ரி, இது அவளின்ர அப்பா பாக்கிறதுக்குத்தான். நாங்கள் மற்ற ஆறு பேரும் சும்மா.”

பிறகு ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். சாதாரண தரம் முடிந்ததும் உயர்தரத்தில் உயிரியல் படிக்க அவளை யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்ப்பதென்று தகப்பன் முடிவு செய்துவிட்டார். அதற்குத் தயார்ப்படுத்தல் என்று இப்போதே கிழமையில் நான்கு நாள் விடிய நாலரை பஸ்ஸில் பட்டணத்து ரியூசன், பிறகு திரும்பி வந்து பாடசாலை. பஸ்ஸுக்கு முதல் அவளுக்கு ஒவ்வொரு நாளும் சத்தி, அதாவது வாந்தி. தகப்பனுக்குத் தெரியாது. தாய்க்குச் சத்தி தெரியும், காரணம் தெரியாது.

“தேப்பனிட்ட நேர சொன்னா என்ன?”

“நேர சொல்ல ஏலுமெண்டா அவள் என்னத்துக்கு அன்ரி பாட்டெழுதுறாள்?”

உறையைத் திருப்பி வாங்கி, மூலையில் ‘அவசரம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

வகுப்பாசிரியையும் அதிபரும் கையெழுத்து வைத்த பிறகு கடிதம் பதிவுத் தபாலில் போனது. கிடைத்ததாக அறிவிப்பு வரவில்லை. மூன்று கிழமை கழித்து முதலாம் நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு இரண்டாம் நினைவூட்டல். மூன்றாம் நினைவூட்டலை நானே கொண்டுபோனேன். வேலணையில் ஒரு பஸ் தவறி, மற்ற பஸ்ஸில் நின்றபடி பண்ணைப் பாலத்தால் பட்டணத்துக்குக் கடந்து, அந்த அலுவலகத்தின் விசாரணைக் கவுண்டரில் போய் நின்றேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எல்லா அலுவலகத்திலும் கதிரைகள் ஒரே மாதிரித்தான்.

கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையானவள். கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். பதிவேட்டைப் புரட்டினாள்.

“ஓம் அக்கா, வந்திருக்கு. இப்ப எங்களிட்ட இல்லை.”

“ஆரிட்ட?”

“நீங்கள் மன அழுத்தம் எண்டெல்லோ போட்டிருக்கிறியள். அது சுகாதாரப் பக்கம். அபிப்பிராயம் கேட்டு அங்க அனுப்பினது. அது வராமல் நாங்கள் ஒண்டும் செய்யேலாது.”

“தங்கச்சி, இது ஒரு பாட்டு.”

“பாட்டெண்டு தெரியும் அக்கா. ஆனா விடயத்தில மன அழுத்தம் எண்டுதானே கிடக்கு? பிறகு ஒரு பிள்ளைக்கு ஏதும் எண்டா, ஏன் சுகாதாரப் பக்கத்தைக் கேக்கேல்லை எண்டு எங்களை எல்லோ கேப்பினம்.”

அவளைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன். ஒரு முறை, ‘கிணற்றடியில் பாம்பு உள்ளதால் பாதை தேவை’ என்று வந்த மனுவை வனவிலங்குப் பக்கம் அனுப்பி, அந்தப் பாதையை இரண்டு வருடம் பின்தள்ளியவள் நான். ஒரு சொல் எந்தக் கதவைத் திறக்கும் என்று தெரிந்தவர்கள்தான் கடிதம் எழுத வேண்டும். தெரிந்தவள் என்று பெயர் எடுத்த நான், பிள்ளைகளின் சொல்லைப் பிடுங்கிவிட்டு ஒரு நோயின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இருக்கை கிடைத்தது. பாதி வழி வரைக்கும் வெட்கப்பட்டேன். மீதிப் பாதி வழியில் விதிகளை யோசித்தேன். அந்த மூன்று கூடாதுகளும் பாடசாலை வளவுக்கும் பாடசாலை நேரத்துக்கும் சீருடைக்கும் உரியவை. வளவுக்கு வெளியே, விடுமுறை நாளில், வீட்டு உடுப்போடு, பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு பிள்ளைகள் பாடினால் அதைத் தடுக்க ஒரு விதியும் இல்லை. காட்டுவதற்குத்தான் அனுமதி வேண்டும். எடுப்பதற்கு வேண்டாம்.

இதைச் சொன்னதும் படக்காரி துள்ளினாள். “அப்ப வகுப்பறை வேண்டாம், அன்ரி. கடலில எடுப்பம். கரையில ஒரு கால், கடலில ஒரு கால் எண்டெல்லோ பாட்டு?”

பாட்டுக்காரி துள்ளவில்லை. “சம்மதம் எண்டா, அப்பாவோ கையெழுத்து வைக்கோணும்?”

“ஓம்.”

“அவர் முதலே பாட்டைக் கேப்பாரே.”

“அதை நான் பாக்கிறன்,” என்றேன்.

அவருடைய இறங்குதுறைக்கு நான் போன நேரம், வலையில் சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“தம்பி, உதில ஒரு கையெழுத்து வேணும்.”

“என்னக்கா, நிவாரணமோ?”

“இல்லை. பிள்ளை பாடப்போறா. கூட்டாளிப் பிள்ளை படம் எடுக்கப்போறா.”

“கோயில்ல நெடுகப் பாடுறாள். அங்க ஒருத்தரும் என்ர கையெழுத்துக் கேக்கேல்லையே?”

“அங்க படம் எடுக்கிறேல்லை.”

“என்னத்தைப் பற்றின பாட்டு?”

முப்பத்தாறு வருட அனுபவம் தானாகவே வாயைத் திறந்தது. “பாடசாலைப் பிள்ளையளின்ர அன்றாட வாழ்க்கையைப் பற்றி.”

“வாழ்க்கையைப் பற்றிப் பாடுற நேரம் விஞ்ஞானத்தைப் படிச்சா நல்லது,” என்றார். ஆனாலும் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். ஈரத்தில் மை பரவியது. இரண்டாவது பிரதியிலும் வைக்கச் சொன்னேன். அப்போதுதான் வாசித்தார்.

“கடலில எண்டு கிடக்கு. ஆரின்ர வள்ளத்தில?”

“அதையும் உம்மட்டைக் கேக்கத்தான் வந்தனான்.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “நீங்கள் கச்சேரியில இருந்தனீங்கள் எண்டு சொன்னது சரிதான்,” என்றார். கச்சேரி என்றால் எங்கள் பக்கத்தில் மாவட்ட அரச அலுவலகம்.

சோளகக் காற்று அடங்கி வாடைக் காற்றுத் தொடங்காத நாட்கள் கொஞ்சம் உண்டு. கடல் அப்போது தட்டில் ஊற்றிய பால் மாதிரிக் கிடக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, நான்கு பேர் வள்ளத்தில் ஏறினோம். பாட்டுக்காரி, படக்காரி, தகப்பன், நான். வேறு வள்ளம் இல்லை என்றதும் பாட்டுக்காரியும் அரைமனதோடு சம்மதித்திருந்தாள். மற்ற ஐந்து பிள்ளைகளின் காட்சிகளை முந்தின கிழமையே கரையில் எடுத்து முடித்திருந்தார்கள். பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று சம்மதப் படிவத்தில் நானே எழுதியிருந்தபடியால் குடையோடு வள்ளத்தின் பின்பக்கத்தில் இருந்தேன். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டினேன். படத்தில் தெரியக்கூடாது என்று பாட்டுக்காரிக்கு அதன் மேல் ஒரு பெரிய சட்டை. படக்காரி முறைத்தாள். நான் அசையவில்லை.

பாட்டுப் படம் எடுக்கும் முறை எனக்கு அன்றுதான் தெரியவந்தது. பாடுகிறவர் அந்த இடத்தில் பாடுவதில்லை. முன்பே பதிந்த பாட்டை ஒலிக்கவிட்டு அதற்கு வாயசைக்கிறார். அது சரி வரும்வரைக்கும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறார்கள். அதாவது ஒரே பாட்டை, ஒரே இடத்தில், ஒரே ஆட்கள் பத்துப் பதினைந்து தடவை கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் இதன் ஒவ்வொரு தடவைக்கும் பெயர் ரேக்.

பாட்டுக்காரி வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். இயந்திரம் நிற்க வேண்டும். வள்ளத்தில் அவளைத் தவிர ஒருவரும் தெரியக்கூடாது. ஆனால் தகப்பன் இல்லாமல் வள்ளத்தை விட முடியாது. ஆகவே நடுவில், அடிப்பலகையில், நங்கூரக் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவர் மல்லாந்து படுக்க வேண்டும் என்று படக்காரி தீர்மானித்தாள். பாட்டு ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கர் பலகையில் வழுக்கி ஓடியது.

“அங்கிள், உங்கட நெஞ்சில வைக்கட்டோ? ஆடாமல் இருக்கும்.”

“வை, வை. நான் பிணம் மாதிரிக் கிடக்கிறன், நீங்கள் பாட்டுப் போடுங்கோ.”

“பிணம் கதைக்காது, அங்கிள். ரேக் ஒண்டு!”

முதலாம் தடவை பாட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை படக்காரிக்கு. மூன்றாம் தடவை காரைநகருக்குப் போகும் பாதை, அதுதான் வாகனங்களை ஏற்றிக் கடக்கிற மிதவை, பெரிய சத்தத்தோடு வந்தது. நான்காம் தடவை என் குடை படத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு நான் வாங்கிய பேச்சை எந்த மேலதிகாரியிடமும் வாங்கியதில்லை. ஐந்தாம் தடவை வெயில் மறைந்தது. ஆறாம் தடவை நடுவில் இருந்து ஒரு முனகல் கேட்டது. தகப்பன் பாட்டைக் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள்!”

“சொறி பிள்ளை, இனி வாய் திறக்கேல்லை. மெட்டு நல்லாக் கிடக்கு. ஆர் செய்தது?”

“அவள்தான்.”

“வரியும்?”

“வரியும் அவள்தான். ரேக் ஏழு!”

ஏழாம் தடவைக்குப் பிறகு அவர் முணுமுணுக்கவில்லை. பகிடியும் விடவில்லை. ஒன்பது, பத்து. நான் இருந்த இடத்தில் இருந்து அவருடைய முகம் எனக்கு மட்டும் தெரிந்தது. கண்ணை மூடியிருந்தார். நெஞ்சின் மேல் இருந்த ஸ்பீக்கர் மூச்சோடு ஏறி இறங்கியது. மகளின் குரல் *அந்தரமாக் கிடக்கு அப்பா* என்று அவருடைய நெஞ்சுக்கு மேல் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

அணியத்தில் அந்தப் பிள்ளை இருந்த விதத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் காரைநகர், இந்தப் பக்கம் ஊர்காவற்றுறை, இரண்டும் கைக்கு எட்டாத தூரம், இயந்திரம் ஓடவில்லை, மடியில் புத்தகம். இதற்கு வேறு என்ன சொல் இருக்கிறது? நான் பையைக் கட்டிக்கொண்டு ஓடிய நாளில் அந்தச் சொல் எனக்கு மட்டும் உறுதி எழுதிக் கொடுக்கப்பட்டது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன் போல. அப்படி ஓர் உறுதி எந்தக் காணிப் பதிவகத்திலும் இல்லை.

பன்னிரண்டாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. வெயில் இருந்தது, சிரிப்பு இல்லை, குடை மடக்கியிருந்தது. கடற்காகம் ஒன்று அனுமதி கேட்காமலே வந்து அணியத்துக்குப் பக்கத்தில் இருந்தது. *கேட்டாச் சொல்லுவன், கேளுங்கோ* என்று பாட்டு முடிந்தது. வள்ளத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும்.

அடிப்பலகையில் இருந்து தகப்பன் சொன்னார்: “சரி பிள்ளை. கேக்கிறன். சொல்லு.”

படக்காரி ‘கட்’ சொல்ல மறந்துவிட்டாள். பாட்டுக்காரி கீழே குனிந்து பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே இருந்தாள். அவர் எழும்பவில்லை. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

“எனக்கு ஹொஸ்ரலுக்குப் போக விருப்பமில்லை, அப்பா.”

“ம்.”

“காலமை பஸ்ஸுக்கு முதல் ஒவ்வொரு நாளும் சத்தி வருது.”

“சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு அம்மா சொன்னவ.”

“சாப்பாட்டாலை இல்லை.”

“எவ்வளவு நாளா?”

“வைகாசியில இருந்து.”

அவர் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினார், பிறகு அவிழ்த்தார்.

“கடலுக்குப் போன புதுசில எனக்கும் சத்திதான். பழகும் பழகும் எண்டு உன்ர அப்பப்பா சொன்னவர். பழகிச்சுது. ஆனா நான் விரும்பிப் போனனான். என்னை ஆரும் அனுப்பேல்லை.”

பாட்டுக்காரி மடியில் இருந்த புத்தகங்களைப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

“நாலரை பஸ் நாளையில இருந்து வேண்டாம். ஹொஸ்ரல் கதையை உடன முடிக்கேலாது. கொம்மாவோடயும் கதைக்கோணும். சோதினை முடியக் கதைப்பம்.”

“கதைப்பம் எண்டா?”

“கதைப்பம் எண்டா ரெண்டு பேரும் கதைக்கிறது. நான் மட்டும் கதைச்சா அதுக்குப் பேர் வேற.” பிறகு, “இப்ப நான் எழும்பட்டோ? முதுகு விறைச்சுப்போச்சு.”

“கட்,” என்றாள் படக்காரி.

கேள்வி கிடைத்ததாக அறிவித்தல், உடனடியாகச் செய்யக்கூடியதைச் செய்தல், முடிவு ஏன் தாமதம் என்பது, எப்போது வரும் என்பது. முதலில் இருந்து கடைசி வரைக்கும் விதிப்படி அமைந்த ஓர் இடைக்காலப் பதிலை என் வாழ்நாளில் முதல் முதலாகக் கேட்டது அன்றுதான். நண்டு மணக்கும் ஒரு பலகையில் இருந்து வந்தது.

படக்காரி அந்தக் காணொளியை வெட்டி ஒட்டி முடிக்க இரண்டு கிழமை எடுத்தது. முடிந்ததும் என் விறாந்தையில் கொண்டுவந்து காட்டினாள். ஏழு பிள்ளைகளும் வந்துபோகிறார்கள். ஒருத்தி தலை சீவியபடி சூத்திரம் பாடமாக்குகிறாள், ஒருவன் தகப்பனின் வெளிநாட்டு அழைப்புக்கு ‘நல்லாப் படிக்கிறன்’ என்று வாயசைக்கிறான். கடைசியில் வள்ளம். பாட்டு முடிகிறது. காணாத ஒருவருடைய குரல், ‘சரி பிள்ளை. கேக்கிறன். சொல்லு’ என்கிறது. திரை கறுப்பாகிறது.

“மிச்சம் எங்க?” என்று கேட்டேன்.

“அது அவளின்ர சொந்த விசயம், அன்ரி. அழிச்சுப்போட்டன்.”

பதினாறு வயதில் இந்த விவேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தகவல்களை வெளியிடுவது பற்றி மூன்று பயிற்சி வகுப்புகளுக்குப் போன எனக்கு அது இருக்கவில்லை. எங்கே வெட்டுவது என்று என்னைக் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் வைத்து, இணைப்பு என்று பெயரும் போட்டிருப்பேன்.

பெற்றோர் தினத்தில் அதைக் காட்டவில்லை. பதில் வராதபடியால் அதிபரால் காட்ட முடியவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பதில் இல்லாத கடிதத்தின் கீழே கையெழுத்து வைத்திருப்பவர் அவர். மற்ற ஆறு பிள்ளைகளுக்கும் முகம் சுருங்கிப்போனது. பாட்டுக்காரியின் தகப்பன் அன்றைக்குச் சட்டை போட்டு, தலை சீவி, முன்வரிசையில் இருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து, “பாட்டுப் போடேல்லையே அக்கா?” என்று கேட்டார். அனுமதி வரவில்லை என்றேன். “எனக்கெண்டா மனப்பாடம். மற்ற தாய் தேப்பன் கேக்கோணும்,” என்றார்.

நினைவூட்டல்களைத் தொடர்ந்தேன். நான்கு, ஐந்து, ஆறு. மாரி வந்தது, போனது. பரீட்சை வந்தது, போனது. பரீட்சை முடிந்த கிழமையே தகப்பன் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார் என்று கேள்விப்பட்டேன். விடுதி இல்லை என்று முடிவானது. வேலணையில் ஒரு பாடசாலையில், விடிந்த பிறகு போகும் பஸ்ஸில், உயர்தர வகுப்புக்குப் போகிறாள். எடுத்த பாடம் உயிரியல். தகப்பன் எதைத் திணிக்கிறார் என்று அவள் பயந்தாளோ அதையே இப்போது தானாக எடுத்திருக்கிறாள். “உது கஸ்ரமான பாடம், வேறெதையும் எடு எண்டு சொல்லிப் பாத்திட்டன். கேக்கிறாளில்லை அக்கா,” என்று அவர் என்னிடம் முறையிட்டார். அதற்கு ஒரு மனு எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். பகிடி என்றுதான் நினைக்கிறேன்.

சத்தி நின்றுவிட்டதா என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் எங்கள் படலையடியில் பஸ்ஸால் இறங்கி, காலையில் இங்கே விட்டுப்போன சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது அவள் சில நாள் பாடிக்கொண்டு போகிறாள். சில நாள் ஒன்றும் பேசாமல் போகிறாள். எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்க அவள் என்ன, படிவமா?

ஒரு பின்னேரம் தபாற்காரர் நீளமான பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மேலிடம். ஒரு பந்திதான். மேற்படி காணொளியைப் பாடசாலையில் காட்சிப்படுத்த ஆட்சேபனை இல்லை. எனினும், விடயத்தில் உள்ள ‘மன அழுத்தம்’ என்னும் பதம் பெற்றோரிடையே தேவையற்ற பயத்தை ஏற்படுத்தக்கூடும் என்று சுகாதாரப் பக்கத்தில் அபிப்பிராயம் தெரிவிக்கப்பட்டுள்ளதால், நோய் எதையும் குறிக்காத, மக்கள் வழக்கில் உள்ள பொருத்தமான சொல் ஒன்றைப் பயன்படுத்தித் தலைப்பை மாற்றி அறியத்தரவும்.

நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன். பிறகு படலையில் போய் நின்றேன். வேலணைப் பஸ் வந்தது. பாட்டுக்காரி இறங்கினாள். கடிதத்தை அவளுடைய கையில் கொடுத்தேன். வாசித்துக்கொண்டு போனவள் கடைசி வரியில் நின்றாள். சிரிக்காமல் இருக்கப் பெரிய முயற்சி எடுத்தாள்.

“அன்ரி, மக்கள் வழக்கில உள்ள சொல்லெண்டா என்ன அன்ரி?”

“பகிடி விடாதையும்.”

“நீங்கள்தானே கோவையில போகாதெண்டு சொன்னனீங்கள்?”

“இனிப் போகும். உள்ள வாரும், எழுதுவம். படக்காரிக்கும் அறிவியும். இந்த வருசப் பெற்றோர் தினத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கு, அந்தரப்படாமல் செய்யோணும்.”

“சொல்லிப்போட்டியள்!” என்றாள்.

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். நான் பேனையை எடுத்து, விடயம் என்று எழுதி, பக்கத்தில் அந்த ஒரு சொல்லை எழுதினேன். இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். கடதாசியில் நன்றாகவே இருந்தது. பிறகு, கிடைத்ததை முதலில் அறிவிக்க வேண்டும் என்ற விதிக்கு அமைய, முதல் வரியை எழுதினேன்: தங்கள் கடிதம் எமக்குக் கிடைத்தது, யூன் மாதம் பத்தொன்பதாம் திகதி.